எழும்பி நிண்ண பெண்ணு

அந்தா, சர்ச்சுல எழும்பி நிண்ண பெண்ணு இதாக்கும் எண்ணு பஸ்ஸுல ஒரு அக்கா பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னா மாமி. பைய தான் சொன்னா. எனக்குக் கேட்டுட்டு. நெய்யாற்றின்கரை ஸ்டாண்டு வாற வரைக்கும் நான் ஜன்னல் கம்பியில இருந்து முகத்த எடுக்கல்ல. டியூட்டோரியல்ல போய் கிளாஸ் எடுக்க நிண்ணா அங்கயும் பிள்ளைக சிரிக்குது. அதனால நீங்க வந்து கேட்டதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஊரே கேக்குது. நீங்க ரெஜிலாவுக்க அப்பன் கூடப் பெறந்தவங்க, உங்களுக்குக் கேக்காம பின்ன ஆருக்கு?

இஞ்ச வந்தாளா எண்ணா... இரிங்க மாமி. நனஞ்சிருக்குதீங்க. அந்தக் குடைய மூலையில சாத்துங்க, வெள்ளம் வடியட்டு. கட்டஞ்சாயா போட்டு வச்சிருக்கேன், ஒரு வாய் குடிச்சிட்டுப் பேசலாம். அம்மை ரேசன் கடைக்குப் போயிருக்கா, மண்ணெண்ணெ வந்திருக்குதாம். இப்ப வந்திருவா.

கள்ளிக்காட்டுல மாப்பிள வீட்டுல இருந்து நேத்து காலத்தே எறங்கினவளா? ஒருத்தர்கிட்டயும் சொல்லாமலா? ம்ம். உங்க அண்ணனுக்கு மனசு எப்பிடி இருக்கும், எனக்குத் தெரியும். மாப்பிள ராபின்சனுக்கு லீவு வேற தீரப் போவுது. பம்பாய்க்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்து வச்சிட்டு ஒத்தையில போவானாண்ணு அவங்க கேக்கத்தான் செய்வாங்க.

உன்னாலதான் எல்லாம் எண்ணு சொல்லாதீங்க மாமி. இல்ல, சொல்லுங்க. கொஞ்சம் உள்ளது தான். ஆனா நடந்தது என்னண்ணு எனக்க வாயில இருந்து இதுவரை ஒருத்தரும் கேக்கல்ல. எல்லாரும் அவங்கவங்களே சொல்லி, அவங்கவங்களே கேட்டுக்கிட்டாங்க. நீங்களாவது கேளுங்க.

நானும் அம்மையும் கிறிஸ்தியானிக்க கல்யாணத்துக்கு இதுக்கு முன்ன போனதில்லயா எண்ணா, சாப்பிடப் போயிருக்கோம். அது வேற. நேரா பந்தலுக்குப் போய், சாப்பிட்டு, பெண்ணயும் மாப்பிளயயும் பாத்து சிரிச்சிட்டு வாறது. சர்ச்சுக்க உள்ள என்ன நடக்குதெண்ணு நாங்க கண்டதில்ல. ரெஜிலா தான் கல்யாணத்துக்குத் தலேநாள் சாய்ங்காலம் எனக்க கையப் பிடிச்சு, எலே குமாரி, நாள நீ முன்னால தான் இரிக்கணும், நான் திரும்பினா உன்னைக் காணணும் எண்ணு சொன்னா. எனக்கு அது பெருமையா இருந்துது. அவ்வளவு சொந்தக்காரங்க இருக்கும்ப, கூடப் படிச்ச என்னைச் சொன்னாளே எண்ணு.

அம்மைக்கு அதுக்கு மேல பெருமை. பொன்கரை போட்ட கசவு நேரியது உடுத்தி, நெத்தியில சந்தனம் தொட்டு, கைலேஞ்சியில ஒரு பிடி பூவ உதுத்து முடிஞ்சு வச்சிருக்கா. இது என்னத்துக்கம்மாண்ணேன். தாலி கெட்டும்ப போடாண்டாமாடீண்ணா. அங்க பூ ஒண்ணும் போட மாட்டாங்கண்ணேன். பின்ன எப்பிடிடீ பெண்ண வாழ்த்தும், வெறும் கையோட பாத்துட்டு நிக்கியதாண்ணு ஜங்ஷன் வரைக்கும் அதுக்குச் சண்டை.

வாசல்ல நிண்ண ஆளு எங்களக் கண்டதும், பின்னால இரிங்க, உங்களுக்கு அதாக்கும் சௌகரியம் எண்ணு தான் சொன்னாரு. அவரு சொன்னதக் கேட்டிருந்தா இந்தக் கூத்தே இல்ல. அம்மை விடுவாளா. பெண்ணு சொன்னதாக்கும் முன்னால இரிக்க எண்ணு அவருகிட்ட சொல்லிட்டு, நேரா முதல் பெஞ்சுல போய் இருந்துட்டா. நீங்க எங்களுக்குப் பின் பெஞ்சு தானே? ஊதாப் பட்டு. கண்டேன், கண்டேன்.

உங்களுக்கு அது சின்னதுல இருந்தே பழக்கம் மாமி. பாட்டுண்ணா எழும்புதீங்க, வாசிப்புண்ணா இரிக்குதீங்க, ஜெபம்ண்ணா தலை தானா குனியுது. நான் முதல் பெஞ்சுல இருந்தா, ஆரப் பாத்துச் செய்ய? எனக்கு முன்னால சர்ச்சு ஐயரும் பெண்ணும் மாப்பிளயும் தான். திரும்பித் திரும்பிப் பாக்க நாணமா இருந்துது. அதனால நான் காதால கேட்டாக்கும் செய்தது. பின்னால பெஞ்சு கிறீச்சுண்ணா எழும்பணும், சேலை சரசரண்ணா இரிக்கணும். ரெண்டு பாட்டு வரைக்கும் தப்பாமப் போச்சு. அம்மைக்கு அதுவும் இல்ல. நான் எழும்புத நேரமெல்லாம், என்னடி, கெட்டியாச்சா எண்ணு கைலேஞ்சிய அவுக்கியா.

பின்ன ஐயர் புத்தகத்தப் பாத்து வாசிக்கத் தொடங்குனாரு. தமிழ் தான். ஆனா அது பழைய தமிழு மாமி. நான் படிச்சது முழுக்க மலையாளம் மீடியம். வீட்டுல பேசுத தமிழ வச்சிக்கிட்டு அந்தத் தமிழுக்கப் பின்னால ஓட முடியல்ல. ஒரு வார்த்தைய பிடிச்சு அர்த்தம் பண்ணுததுக்குள்ள அவரு அடுத்த பக்கம் போயிட்டாரு. நான் பாட்டுக்கு ரெஜிலா தலையில போட்டிருந்த நெட்டுல உள்ள பூத்தையலைப் பாத்துட்டு இருந்தேன்.

அப்பமாக்கும் அந்த வீடியோக்காரன். லைட்டு பிடிச்சிட்டு நிண்ணானே, மெலிஞ்ச ஒருத்தன், அவன் தான். எனக்க நேரா பாத்து கைய மேல, மேலண்ணு காட்டுனான். அவனுக்க லைட்டுக்க வயரு எனக்க செருப்புக்க அடியில கெடந்திருக்கு. கால எடு எண்ணாக்கும் அவன் காட்டினது. எனக்கு என்ன தெரியும்? எழும்பச் சொல்லுதான், எல்லாரும் எழும்பியாச்சு, நான் ஒருத்தி தான் சுரணை இல்லாம இருக்கேன் எண்ணு நினச்சு படக்குண்ணு எழும்பினேன்.

பின்னால ஒரு சத்தமும் இல்ல. பெஞ்சு கிறீச்சுங்கல்ல. ஒரு பிள்ளை கூட இருமல்ல. ஐயர் வாசிப்ப நிறுத்திட்டாரு. பைய தலையத் திருப்பிப் பாத்தா, முழுச் சர்ச்சும் பெஞ்சுல இருந்துட்டு என்னைப் பாக்குது. அந்தப் பாவி அந்த லைட்டயும் கொண்டு எனக்க முகத்துல திருப்பிட்டான்.

ஐயர் கேட்டது என்னண்ணு அப்ப எனக்குத் தெரியாது மாமி, எங்கம்மையாண. பின்ன தான் சொல்லித் தெரியும். இந்த ரெண்டு பேரும் ஒண்ணாச் சேரப்பிடாதெண்ணு ஆருக்காவது ஒரு தடை தெரிஞ்சா இப்பமே சொல்லணும், இல்லண்ணா பின்ன ஒருக்காலும் வாய் தெறக்கப்பிடாது. அதக் கேட்டு முடிச்சிட்டு, ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணு ஒரு மூச்சு விட்டிருக்காரு. அந்த மூச்சுக்குள்ள நான் எழும்பிட்டேன்.

எங்க ஆளுகளுக்கு அப்பிடி ஒரு கேள்வியே கெடையாது மாமி. தடை சொல்லுதவன் நிச்சயத்துக்கு முன்னாலயே வீடு வீடா நடந்து, சாயா குடிச்சு, சொல்லி முடிச்சிருவான். பந்தல்ல வச்சு ஆரு கேப்பா?

சிரிக்காதீங்க மாமி. இல்ல, சிரிங்க. நீங்க சிரிச்சா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கு.

ஐயர் நல்ல மனுசன். கோவப்படல்ல. மகளே, ஏதாவது சொல்லணுமாண்ணு பைய தான் கேட்டாரு. கிளாஸுலயே போர்டப் பாத்துட்டுப் பாடம் எடுக்குதவ நான். அம்மை பக்கத்துல இருந்து சேலைத் தும்பப் பிடிச்சு இழுத்தா. தலைய ஆட்டிட்டு பெஞ்சுல இருந்துட்டேன். அந்த ஆட்டு கூட ஒழுங்கா இல்ல, ஆமாண்ணும் எடுக்கலாம், இல்லண்ணும் எடுக்கலாம் எண்ணு பின்ன அம்மை சொன்னா.

அதோட விட்டிருந்தா சரி. பந்தியில வச்சு ராபின்சனுக்க அம்மை நேரா எங்கம்மைகிட்ட வந்தாங்க. உங்க மவ என்னத்தச் சொல்ல எழும்பினாண்ணு கேட்டாங்க. எங்கம்மை என்ன சொன்னாண்ணு தெரியுமா? அவ சொல்ல மாட்டா, அவளுக்கு நாணமாக்கும் எண்ணா. அவ சொன்னது கூச்சம் மாமி. ஆளுகளுக்க முன்னால நிக்கதுக்கு எனக்கு உள்ள கூச்சம். அவங்க கேட்டுட்டுப் போனது வேற. வெளிய சொன்னா நாணக்கேடு ஆவுத ஒரு காரியம் ரெஜிலாகிட்ட உண்டு, அது இந்தப் பெண்ணுக்குத் தெரியும், எண்ணு எடுத்துட்டாங்க. ஒரே வார்த்தை தான்.

அப்பமே நான் இடையில கேறிச் சொல்லியிருக்கலாமேண்ணு நீங்க கேப்பீங்க. கேக்கணும். இலையில இறச்சிக்கறி விளம்பிட்டுப் போனாங்க. நான் குனிஞ்சு அதப் பிசஞ்சிட்டே இருந்தேன். அம்மை சொன்னது கேட்டுது, அந்த அம்மைக்க முகம் மாறினதும் தெரிஞ்சுது. அம்மா, நீ சொன்னத அவங்க வேற மாதிரி எடுத்துட்டாங்கண்ணு சொல்லணும். சொல்லதுக்கு வாயில சோறு இருந்துது. முழுங்கிட்டுச் சொல்லலாமெண்ணு பாத்தா அவங்க அடுத்த பந்திக்கு ஆளு விளிக்கப் போயாச்சு.

பெறவு கள்ளிக்காட்டுல நடந்ததாக்கும் பெரிய காரியம். நேரா முகத்துக்கு முகம் கேட்டிருந்தா இவ பதில் சொல்லுவாளே. நல்லா வாய் உள்ளவ தானே ரெஜிலா. ஆனா ராபின்சனுக்க அம்மை ஜெபத்துல வச்சாக்கும் கேக்கியது. ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் முட்டுக்குத்துவாங்களாம். அந்த அம்மை கண்ண மூடிட்டு, கர்த்தாவே, இந்த வீட்டுல மறஞ்சு கெடக்குதத வெளிச்சத்துல கொண்டு வாரும், மனசுல கறையோட வந்தவளுக்கு அத அறிக்கை செய்ய வாய் தாரும் எண்ணு வேண்டுவாங்களாம். அப்பன் ஆமென் எண்ணுவாராம். ராபின்சனும் ஆமென். பின்ன மூணு பேரும் கண்ண மூடிட்டே காத்திருப்பாங்களாம், இவ ஆமென் சொல்லட்டுண்ணு. சொன்னா கறை உண்டெண்ணு ஆச்சு. சொல்லல்லண்ணா ஜெபத்துக்கே எதிரெண்ணு ஆச்சு. தினமும் இது. ஜெபத்துக்க எடையில பூந்து, நீங்க நினைக்கியது தப்பு மாமீண்ணு எப்பிடிச் சொல்லுவா? சாமிகிட்டல்லா அவங்க பேசிட்டு இருக்காங்க.

ராபின்சனும் தனியா வச்சு ஒண்ணும் கேக்கல்லயாம். அம்மைக்கு மன சமாதானம் கிட்டட்டு, ஏதாவது ஒண்ணு சொல்லிருண்ணு மட்டும் சொன்னானாம். ஏதாவது ஒண்ணு. இல்லாத ஒண்ண.

ம்?

எனக்கு எப்பிடித் தெரியுமெண்ணா?

...சாயா ஆறுது மாமி.

நான் கள்ளம் சொல்லல்ல. நீங்க நல்லா யோசிச்சுப் பாருங்க, இஞ்ச வரல்லண்ணு நான் ஒருக்கா கூடச் சொல்லல்ல. நேத்து மத்தியானம் வந்தா. ஒரு தோள்பை, அவ்வளவு தான். அம்மை கஞ்சி விளம்பினா, குடிச்சா. எனக்க கட்டில்ல கெடந்தவ, இன்னும் உறக்கம் தான். எடையில எழும்பி, அம்மை விரிச்ச பாயில அம்மைக்கப் பக்கத்துல கொஞ்ச நேரம் இருந்தா. அப்பமாக்கும் இதெல்லாம் சொன்னது. அழவெல்லாம் இல்ல. அந்த அம்மை ஜெபிக்கியது போல கண்ண மூடிக் காட்டினா, எங்கம்மைக்குச் சிரிப்பு வந்துட்டு. பின்ன அம்மை அடுக்களையில போய் மூக்கச் சீந்திட்டு வந்தா.

எழும்பாதீங்க. மாமி, இரிங்க. அவ எங்கயும் ஓட மாட்டா. ஒரு காரியம் சொல்லிட்டு விடுதேன், பின்ன நீங்க போய் விளியுங்க.

ராபின்சனுக்கு என்ன கொறவு எண்ணு நீங்க கேக்குதீங்க. ஒரு கொறவும் இல்ல. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பெண்ணு காண வந்த அன்னைக்கு எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசினானாம். இவகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. பின்வழியா ரோட்டுக்குப் போவ முடியுமா, காரு திருப்ப எடம் உண்டாண்ணு. அவளுக்குப் பிடிக்கல்ல மாமி. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ஒருத்தர்கிட்டயும் அவ சொல்லல்லயா? சொன்னாளே. உங்ககிட்டயாக்கும் முதல்ல சொன்னது. கெணத்தடியில வச்சு. நீங்க வெள்ளம் கோரிட்டு இருந்தீங்களாம். எல்லாப் பெண்ணும் முதல்ல அப்பிடித்தான் மக்கா சொல்லும், ஒரு மாசம் கழிஞ்சா நீயே சிரிப்பண்ணு சொல்லிட்டு, கொடத்தத் தூக்கி அவளுக்க இடுப்புல வச்சு விட்டீங்களாம். இல்ல, உங்களக் குத்தம் சொல்லல்ல. உங்களச் சொல்ல நான் ஆரு. எங்கிட்ட அவ அதுவும் சொல்லல்ல. முன்னால இரி எண்ணு மட்டும் தான் சொன்னா.

ஐயர் அவகிட்டயும் சம்மதமாண்ணு கேட்டாருதானே எண்ணா, கேட்டாரு. அவளும் சம்மதம் எண்ணா. எல்லாரும் கேட்டோம். ஆனா அது நான் திரும்ப பெஞ்சுல இருந்த பெறவு மாமி.

அந்த வயரு, லைட்டு, கை காட்டுனது, எல்லாம் உள்ளது தான். ஒரு எழுத்து கூட்டிச் சொல்லல்ல. அதத்தான் நான் இத்தன நாளும் பாக்குதவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டு நடக்குதேன். டியூட்டோரியல்ல சொன்னேன், பஸ்ஸுல கேட்டா அங்கயும் சொல்லியிருப்பேன். உங்ககிட்டயும் அதத்தானே முதல்ல சொன்னேன். எழும்பினது எப்பிடிண்ணு ஆரு கேட்டாலும் எனக்குச் சொல்லலாம்.

நான் எழும்பி நிண்ணப்ப எல்லாரும் பயந்தாக்கும் பாத்தது. ஐயருக்க கையில புத்தகம் தாந்து போச்சு. ராபின்சன் நெத்தியச் சுருக்கினான். நீங்க வாயில கைய வச்சீங்க. ரெஜிலாவும் திரும்பினா. நெட்டு முகத்த மூடித்தான் இருந்துது. ஆனா அந்த லைட்டு அடிச்சதுல நெட்டுக்க உள்ளயும் தெரிஞ்சுது. அவ மட்டும் பயப்படல்ல மாமி. காலேஜுல சார் எனக்க நேரா கை காட்டிக் கேள்வி கேட்டா, தெரிஞ்ச பதிலும் வராம நான் வெறச்சு நிப்பேன். அவ அடுத்த பெஞ்சுல இருந்து வாய மட்டும் அசச்சுக் காட்டுவா. அதப் பாத்து, அதப் பிடிச்சாக்கும் நான் சொல்லுதது. மூணு வருசமும் அப்பிடித்தான் போச்சு. அதே போல வாய அசச்சா. சத்தம் இல்ல. சொல்லு எண்ணு அசச்சா. ஐயர் மகளேண்ணு கேக்கும்பயும், அம்மை சேலையப் பிடிச்சு இழுக்கும்பயும், அவ அசச்சிட்டுத் தான் இருந்தா.

ஐயருக்க தமிழ் தான் எனக்குப் புரியல்ல. அவளுக்க வாய் எனக்கு நல்லாப் புரியும். என்ன தடை, எதுக்குத் தடை, ஒண்ணும் தெரியாது. ஆனா சொல்லணும் எண்ணு தெரிஞ்சுது. ஒரு வார்த்த. என்ன வார்த்தையா இருந்தாலும் சரி. அம்மை ரெண்டாவது இழுத்தப்ப நான் பெஞ்சுல இருந்துட்டேன்.

நேத்து வந்தவ அதப் பத்தி எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல்ல. தலைக்கு எண்ணெ இருக்குதாலேண்ணு தான் கேட்டா.

சரி. நீங்க போங்க மாமி. அந்தா, அந்த ரூமு தான். கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கு. நான் தடுக்க மாட்டேன். எனக்கு அதுக்குத் திராணி இல்லெண்ணு உங்களுக்கே தெரியும். அண்ணன் ஜங்ஷன்ல ஆட்டோவோட நிக்கியாருண்ணா சரி, கூட்டிட்டுப் போங்க. பைய விளியுங்க, உறங்குதா.

இல்ல... உறங்கல்ல போல இருக்கே. கட்டில் அனங்கி கிறீச்சுங்குது. நாம பேசினது கேட்டிருக்கும்.

மாமி, நில்லுங்க. அவ உள்ள தாழ் போட்டுட்டா.